பார்ப்பதற்கு முன் சொல்: ஆட்டோபைலட்டோடு விமானத்தை இறக்கும் இளம் பைலட்டுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

காற்று வடமேற்கிலிருந்து வீசுகிற நாட்களில், கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்கு வரும் விமானங்கள் எங்கள் ஊர்க் கோப்பிக் கடைக்கு மேலாகத்தான் இறங்கும். சிப்பாங் வட்டாரத்தில் செம்பனைக்கு நடுவே இருக்கிற சின்ன எஸ்டேட் ஊர் இது. 1998-ல் திறந்த அந்த விமான நிலையமே தோட்டத்து மண்ணில் எழுந்ததுதான். கடையிலிருந்து ஓடுபாதை முனைக்கு ஏறக்குறைய 5 கடல்மைல். தலைக்கு மேலே என்ன போனாலும் இங்கே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நானும் என் அக்கா மகனும் மட்டும் பார்ப்போம். நான் 22 வருஷம் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் பயிற்சியை முடித்து லைசென்ஸ் வாங்கிவிட்டு ஏர்லைன் வேலைக்குக் காத்திருக்கிறான்.

ஒரு சாயங்காலம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஒரு விமானம் வந்தது. "ஏர்பஸ் 330, மாமா" என்றான். சரிதான். "எவ்வளவு உயரத்துல வருது?" என்று கேட்டேன். கை உடனே சட்டைப்பைக்குப் போனது. விமானங்களின் உயரத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலியைத் திறந்து பார்த்துச் சொல்லப் போகிறான்.

"போனை வைடா. முதல்ல நீ சொல்லு, அப்புறம் அது சொல்லட்டும்."

அவனுக்கு எண் வரவில்லை. கணக்குத் தெரியாதவன் இல்லை, பரீட்சையில் அதே கணக்கைத் தப்பில்லாமல் போட்டவன்தான். போன் கையில் இருந்ததால் மனசு கணக்குப் போட மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். காக்பிட்டிலும் இதேதான் நடக்கிறது. அவனுக்காக எழுத ஆரம்பித்த குறிப்புகளை, அவனைப் போன்ற மற்ற தம்பி தங்கைகளுக்காகவும் விரித்து எழுதுகிறேன். உங்கள் கம்பெனியின் எஸ்.ஓ.பி. (வேலைமுறை விதிகள்) ஒன்று சொல்லி நான் வேறு சொன்னால், எஸ்.ஓ.பி. சொல்வதைச் செய்யுங்கள்.

இறக்கம் ஏன் தனி ஜாதி

ஆட்டோபைலட்டை நான் குறை சொல்லவில்லை. களைத்துப்போன இரவில், அடைமழையில், என்னைவிட அது நன்றாக ஓட்டும். கையால் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பொய். 1977 செப்டம்பர் 27 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஒன்று, அப்போது கோலாலம்பூரின் விமான நிலையமாக இருந்த சுபாங்கில் இறங்க வந்து எல்மினா தோட்டத்து ரப்பர் மரங்களில் விழுந்தது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். மோசமான வானிலையில், ஓடுபாதை கண்ணில் படுவதற்கு முன்பே குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் அதில் கிடையாது.

ஆனாலும் இறக்கத்தில் தானியங்கியை நம்பி உட்கார்ந்திருப்பதில் தனியான ஓர் ஆபத்து இருக்கிறது. ஏறும்போது என்ஜின் முழங்கிக்கொண்டிருக்கும், அது அடங்கினால் காதே சொல்லிவிடும். இறங்கும்போது என்ஜின் அடங்கிக் கிடப்பதுதான் முறை. ஜெட் விமானம் பெரும்பாலான தூரம் சரிவில் பெடல் மிதிக்காத சைக்கிள் மாதிரி வருகிறது. அதனால் என்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ திராட்டில் ஒழுங்காக வேலை செய்தாலும், எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு தூங்கிவிட்டாலும், காக்பிட்டில் சத்தம் ஒன்றுதான், லீவர் நிற்கும் இடமும் ஒன்றுதான். கடைசி நிமிஷத்தில், என்ஜின் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பாதபோதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது கையில் மிச்சமிருப்பது சில விநாடிகள்.

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். டர்கிஷ் ஏர்லைன்ஸின் 737-800. தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடப்பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் பழுதாகி, கிட்டத்தட்ட 2,000 அடி உயரத்தில் பறக்கும்போது மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த ஆட்டோ திராட்டில் என்ஜினை அடக்கிவிட்டது. விமானிகள் அந்த நேரத்தில் பாதைக்குச் சற்று மேலே இருந்தார்கள். மேலே இருப்பவன் இறங்க வேண்டும், இறங்க என்ஜின் அடங்கத்தான் வேண்டும். ஆக, பழுது வேலை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. பாதையைப் பிடித்த பிறகும் என்ஜின் எழும்பவில்லை, வேகம் கரைந்துகொண்டே போனது. மூன்று விமானிகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம், அந்த இருக்கையில் நான் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்று கேட்டுக்கொள்வேன். சத்தியமாகத் தெரியவில்லை.

படி 1: கம்ப்யூட்டரைக் கேட்பதற்கு முன் இறங்கும் இடத்தை நீங்களே சொல்லுங்கள்

விமானத்தின் வழியைக் கணக்கிடும் கம்ப்யூட்டரான எஃப்.எம்.எஸ். திரையில் இறக்கம் தொடங்க வேண்டிய புள்ளி தானாக வந்துவிடும். அதைப் பார்க்கும் முன் மனக்கணக்குப் போடுங்கள். ஆயிரம் அடிக்கு 3 கடல்மைல். 37,000 அடியில் இருந்தால் 111 மைல். வேகத்தைக் குறைக்க ஒரு 10 மைல் சேர்த்தால் 121. பின்காற்று இருந்தால் ஒவ்வொரு 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்துக்கும் ஓரிரு மைல் கூட்டுங்கள், எதிர்காற்று என்றால் கழியுங்கள். ஓடுபாதையின் உயரத்தையும் மறக்க வேண்டாம்: பெங்களூரு 3,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர், சிப்பாங் கடலோரம்.

இப்போது திரையைப் பாருங்கள். 118 என்றோ 125 என்றோ இருந்தால் பேச்சில்லை. 95 என்று இருந்தால் யாரோ ஒருவர் தப்பு. அநேகமாக நீங்கள்தான். இருந்தாலும் யார் என்று கண்டுபிடிக்காமல் இறங்க ஆரம்பிக்காதீர்கள். காற்றை யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள், அல்லது போன தடவைப் போட்ட ஓர் உயரக் கட்டுப்பாடு உள்ளேயே கிடக்கும்.

இந்தப் பழக்கம் எனக்குப் பறக்கும் பள்ளியில் வந்ததில்லை, அம்மாவிடமிருந்து வந்தது. இந்த வட்டாரம் செம்பனைக்கு மாறுவதற்கு முன் அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். வாளியைப் பால் கொட்டகைக்குத் தூக்கி வருவார், தோட்டத்துக் கணக்கரான கிராணி தராசில் மாட்டுவார். முள் நிற்பதற்குள் அம்மா தன் எண்ணைச் சொல்லிவிடுவார். தராசு படிக்கத் தெரியாது. தோள் சொன்னதைச் சொல்வார். ஒரு நாள் அம்மா "இருபத்திரண்டு" என்றார், கிராணி "பதினெட்டு" என்று எழுதப் போனார். அம்மா நகரவில்லை. வரிசை பின்னால் முணுமுணுத்தது. கிராணி எரிச்சலோடு குனிந்து பார்த்தார். வாளியின் அடி மேடை விளிம்பில் லேசாக உட்கார்ந்திருந்தது. தராசில் ஒரு பழுதும் இல்லை. அது தன்மேல் தொங்கிய பாரத்தை மட்டும் சரியாகத்தான் சொன்னது. அம்மா முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்லியிருக்காவிட்டால் பதினெட்டு என்பது பதினெட்டாகவே போயிருக்கும்.

படி 2: தட்டியதை இன்னொருவர் வரைபடத்தோடு ஒத்துப் பார்க்கட்டும்

1995 டிசம்பர் 20 இரவு, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 757 கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நேராக உள்ளே வரலாம் என்று கடைசி நேரத்தில் வழி மாறியது. அவசரம். ரோசோ என்ற வானொலி நிலையத்துக்காக 'ஆர்' என்று தட்டினார்கள். வரைபடத்தில் அதன் குறி ஆர்தான். ஆனால் கம்ப்யூட்டர் காட்டிய பட்டியலில் முதலில் நின்ற ஆர், பொகோட்டா பக்கத்திலிருந்த ரோமியோ. அதைத் தேர்ந்தெடுத்தார்கள். விமானம் சொன்னபடி இடப்பக்கம் திரும்பிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போனது. திருத்திக்கொண்டு திரும்பியபோது எதிரே மலை. எச்சரிக்கை ஒலித்து என்ஜினை முழுக்கத் தள்ளினார்கள், ஆனால் இறக்கத்துக்காக இறக்கைமேல் விரித்திருந்த ஸ்பீட் பிரேக் தகடுகள் விரிந்தபடியே இருந்தன. 163 பேரில் 4 பேர் பிழைத்தார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: தட்டுபவர் தட்டட்டும், 'எக்சிகியூட்' அழுத்தும் முன் மற்றவர் திரையில் கோடு எங்கே போகிறது என்று பார்த்து வாய்விட்டுச் சொல்லட்டும். கோடு தலையைத் திருப்பிக்கொண்டு எங்கோ போனால் அழுத்தாதீர்கள். 10,000 அடிக்குக் கீழே தட்டச்சு வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. ஓடுபாதையைக் கடைசியில் மாற்றினால், பழைய மாதிரி கன்ட்ரோலரிடம் ஹெடிங் (பறக்க வேண்டிய திசை) வாங்கிப் பறங்கள், இல்லை நேரம் கேளுங்கள். கன்ட்ரோலர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 3: உயர எண்ணை இரண்டு பேரும் தொடுங்கள்

1989 பிப்ரவரி 19, பூச்சோங். சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு 747-க்கு 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார் கன்ட்ரோலர். "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். அந்த "டூ"வை இரண்டு என்று எடுக்காமல் "வரை" என்ற ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். காதில் விழுந்தது 400 அடி. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தும் இறக்கம் நிற்கவில்லை. மலைச்சரிவில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள்.

உயரத்தை வைப்பவர் வைக்கட்டும். மற்றவர் அந்த எண் தெரியும் சின்ன ஜன்னலை விரலால் சுட்டிப் படிக்கட்டும். படிப்பதற்கு முன் ஒரு கேள்வி: இந்த இடத்தில் எந்த உயரத்துக்கும் கீழே போகக்கூடாது? அந்த எண் மனசில் இருந்தால், 400 என்று காதில் விழுந்தாலும் கை திருகாது.

உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்ணையும் இதே மாதிரி இரண்டு பேரும் தனித்தனியாக வையுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறக்குறைய 30 அடி. பத்து பிசகினால் 300.

படி 4: பட்டனை அழுத்தியதால் மோட் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கப் போகிறேன். நான் பார்த்த சின்னப் பிசகுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைத்தன.

விமானத்தை இறக்கப் பல மோட்கள், அதாவது ஆட்டோபைலட் ஓட்டும் முறைகள், உண்டு. கம்ப்யூட்டர் வகுத்த பாதையில் வருவது ஒன்று: போயிங்கில் வி-நாவ் பாத், ஏர்பஸ்ஸில் மேனேஜ்டு டிசென்ட். என்ஜினை அடக்கி, மூக்கால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வருவது இன்னொன்று: 737-ல் லெவல் சேஞ்ச், 777-ல் ஃபிளைட் லெவல் சேஞ்ச், ஏர்பஸ்ஸில் ஓப்பன் டிசென்ட். நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று நீங்களே சொல்லி இறக்கும் வெர்ட்டிகல் ஸ்பீட் மூன்றாவது. எந்த மோடில் வேகத்தை யார் பிடிக்கிறார், மூக்கா என்ஜினா என்பது தெரியாமல் அதைத் தொடக்கூடாது. ஓப்பன் டிசென்டில் என்ஜின் அடங்கியே இருக்கும். நீங்கள் வைத்த உயரம் வரும்வரை அது எழும்பாது. அந்த உயரம் தரைக்குப் பக்கத்திலோ தரைக்குக் கீழேயோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்கத் தேவையில்லை, நடந்திருக்கிறது. 1990 பிப்ரவரி 14, பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320. ஓடுபாதையை நெருங்கும்போது விமானம் என்ஜின் அடங்கிய ஓப்பன் டிசென்டில் இருந்தது. வேகமும் உயரமும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். எப்படி அந்த மோடுக்குப் போனது? விசாரணையில் பேசப்பட்ட ஒரு சாத்தியம் இது: நிமிஷத்துக்கு 700 அடி இறக்கம் வேண்டுமென்று திருகியவர் கை பக்கத்துக் குமிழுக்குப் போய், 700 அடி உயரம் என்று வைத்திருக்கலாம். பெங்களூரு மண்ணே 700 அடியைவிட எவ்வளவோ மேலே. இரண்டு வட்டக் குமிழ்கள், நடுவே சில சென்டிமீட்டர்.

ஸ்ட்ராஸ்பூர் பக்கம் 1992 ஜனவரி 20-ல் விழுந்த ஏர் இன்டர் ஏ320 இதன் சொந்தக்காரன். அதில் ஒரே குமிழ், இரண்டு அர்த்தம். கோணமாக 3.3 டிகிரி வேண்டும் என்று வைத்தது, மோட் மாறியிருந்ததால் நிமிஷத்துக்கு 3,300 அடியாகிவிட்டது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஜன்னலில் தெரிந்தது வெறும் 33. 96 பேரில் 87 பேர் போனார்கள். பிறகு ஏர்பஸ் அந்த ஜன்னலில் நாலு இலக்கம் தெரியும்படி மாற்றியது.

செய்முறை சின்னது. பட்டனை அழுத்தியதும் பட்டனைப் பார்க்காதீர்கள். பட்டனில் எரியும் விளக்கு உங்கள் ஆசையைத்தான் சொல்லும். விமானம் எதை ஏற்றுக்கொண்டது என்பது உங்கள் முன்னால், திரையின் மேல் விளிம்பில், எஃப்.எம்.ஏ. என்ற மோட் அறிவிப்புப் பட்டையில் எழுதியிருக்கும். போயிங்கில் மூன்று பத்தி, ஏர்பஸ்ஸில் ஐந்து. மாற்றம் வந்ததும் வாய்விட்டுப் படியுங்கள். அதற்கும் முன், அழுத்துவதற்கு முன்பே, என்ன வரப்போகிறது என்று மனசுக்குள் சொல்லிவிடுங்கள். "ஓப்பன் டிசென்ட் வரும், என்ஜின் அடங்கும், மூக்கு தாழும்." வந்தது வேறு என்றால் முதல் விநாடியிலேயே உறைக்கும். வெறுமனே படித்துக்கொண்டிருந்தால் சில மாதத்தில் அது பெரட்டுக்கு நிற்பவர்கள் பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்வது போல ஆகிவிடும். வாய் சொல்லும், ஆள் இருக்கமாட்டார்.

படி 5: வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வாருங்கள்

30,000 அடியில், 20,000-ல், 15,000-ல், 10,000-ல், அப்புறம் ஒவ்வோர் ஆயிரத்துக்கும்: உயரத்தை மூன்றால் பெருக்கு, மிச்சத் தூரத்தோடு ஒப்பிடு. 10,000 அடியில் 250 நாட் வேகத்தோடு 40 மைல் இருந்தால் சௌகரியம். 30 மைல் என்றால் இறுக்கம். 25 என்றால் இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும்.

ஜெட் விமானம் இறங்கும், அல்லது வேகம் குறைக்கும். இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொன்னால் முரண்டு பிடிக்கும். சமமாகப் பறந்தால் 10 நாட் குறைக்க ஏறக்குறைய ஒரு மைல் வேண்டும். 250-லிருந்து 180-க்கு வர 7 மைல். அந்த 7 மைலை உங்கள் கணக்கில் வைத்திருக்கிறீர்களா?

என் கதையைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். துணை விமானியாக மூன்றாவது வருஷம், இரவு, 737. வி-நாவ் அழகாக இறக்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் குறுக்கு வழி கொடுத்தார். போக வேண்டிய தூரத்தில் ஏறக்குறைய 20 மைல் குறைந்தது. எங்களுக்குச் சந்தோஷம்: சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். நான் தலையைக் குனிந்து புது வழியைத் தட்டினேன். ஓர் எழுத்து தப்பு, அழித்துத் திரும்பத் தட்டினேன். நாற்பது விநாடி இருக்கும். கேப்டனும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் பாவம், குறைந்துபோன அந்த 20 மைலும் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்தபோது 7,000 அடி, 14 மைல், 250 நாட். மூவேழு இருபத்தொன்று. வேகம் குறைக்கும் தூரத்தையும் சேர்த்தால் 30 வேண்டும், கையில் பாதிதான் இருந்தது. ஸ்பீட் பிரேக் இழுத்தோம், சக்கரத்தை முன்னாலேயே இறக்கினோம். 1,000 அடியிலும் வேகம் அடங்கவில்லை. கேப்டன் "கோ-அரவுண்ட்" என்றார்: இறங்காமல் திரும்ப மேலே ஏறு.

இறங்கி, பயணிகள் போன பிறகு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குறுக்கு வழி கொடுத்தப்ப, உன் மனசுல எத்தனை மைல் இருந்துச்சு?" என் மனசில் எண்ணே இல்லை. திரையில் இருந்தது.

குறுக்கு வழி வந்தால் வரிசை இதுதான்: முதலில் மனக்கணக்கு, இரண்டாவது இறக்கத்தை இன்னும் சரிவாக்கும் வேலை (வெர்ட்டிகல் ஸ்பீடோ, லெவல் சேஞ்சோ, ஸ்பீட் பிரேக்கோ), மூன்றாவதுதான் தட்டச்சு. ஒருவர் தட்டும்போது மற்றவர் விரலைப் பார்க்கக்கூடாது. 1972 டிசம்பர் 29-ல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிரைஸ்டார் மயாமி பக்கத்துச் சதுப்பில் இறங்கிப் போனதும் இதனால்தான். எரியாத ஒரு சின்ன விளக்கை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2,000 அடியைப் பிடித்து வைத்திருந்த ஆட்டோபைலட் ஒரு லேசான தள்ளலில் அந்தப் பிடியை விட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. 101 பேர் இறந்தார்கள்.

படி 6: கையை லீவர்மேல் வையுங்கள்

கடைசி 10 மைலில் ஓட்டுபவரின் ஒரு கை திரஸ்ட் லீவர்மேல் இருக்கட்டும். போயிங்கில் ஆட்டோ திராட்டில் இழுத்தால் லீவர் நகரும், கை உணரும். ஏர்பஸ்ஸில் லீவர் ஒரே இடத்தில் நிற்கும், அதனால் அங்கே என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் என்1 எண்ணைக் கண் தேடிப் போக வேண்டும். இரண்டு வகையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏர்பஸ்ஸுக்கு மாறிய முதல் வருஷம் என் கை ஊமையானது போல இருந்தது.

பாதை 3 டிகிரி என்றால், தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று வந்துவிடும். 140 நாட், 700 அடி. சக்கரம் இறங்கி, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் முழுக்க விரிந்து, 700 அடியில் இறங்கும் விமானத்துக்கு என்ஜின் கொஞ்சம் இரைந்தாக வேண்டும். அந்த நிலையில் என்ஜின் அடங்கிக் கிடந்தால் எங்கேயோ கடன் ஏறுகிறது.

2013 ஜூலை 6, சான்பிரான்சிஸ்கோ. ஏசியானா 777. வானம் தெளிவு. பாதை காட்டும் கிளைடு ஸ்லோப் கருவி அன்று வேலையில் இல்லை, கண்ணால் பார்த்து இறங்க வேண்டும். பாதைக்கு மேலே இருந்ததால் ஓட்டிய விமானி ஃபிளைட் லெவல் சேஞ்சை அழுத்தினார். ஒருவேளை கோ-அரவுண்ட் செய்ய வேண்டி வந்தால் என்று 3,000 அடி வைத்திருந்ததால் விமானம் மேலே ஏறப் பார்த்தது. ஆட்டோபைலட்டை வெட்டி லீவரைக் கையால் பின்னுக்கு இழுத்தார். அதோடு ஆட்டோ திராட்டில் 'ஹோல்ட்' நிலைக்குப் போய்விட்டது: நீயே பார்த்துக்கொள், நான் தலையிட மாட்டேன். அவரோ அது வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்றே நினைத்தார். 137 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 103 வரை சரிந்தது. கடலோரச் சுவரில் வால் அடித்தது. மூன்று பயணிகள் இறந்தார்கள். காக்பிட்டில் மூன்று விமானிகள் இருந்தும் இது நடந்தது.

படி 7: புரியவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள்

"இது ஏன் இப்படிச் செய்யுது?" என்ற வாக்கியம் காக்பிட்டில் கேட்டால், அதற்கு அடுத்த வேலை காரணம் தேடுவதாக இருக்கக்கூடாது. கம்ப்யூட்டர் பாதை புரியவில்லையா, ஹெடிங்குக்கும் வெர்ட்டிகல் ஸ்பீடுக்கும் வாருங்கள். அதுவும் புரியவில்லையா, வெட்டிவிட்டுக் கையால் ஓட்டுங்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பயிற்சி கேப்டன் வாரன் வாண்டர்பர்க் 1997-ல் இதைத்தான் தன் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். திரையில் மெஜந்தா நிறக் கோட்டின் பின்னாலேயே போகும் பிள்ளைகளாக விமானிகள் ஆகிவிட்டார்கள் என்று அவர் வருத்தப்பட்டது இன்றும் பயிற்சி அறைகளில் பேசப்படுகிறது.

வெட்டுவதென்றால் முழுக்க வெட்டுங்கள். பாதி பிடித்துக்கொண்டு சண்டை போடக்கூடாது. 1994 ஏப்ரல் 26-ல் நகோயாவில் சைனா ஏர்லைன்ஸின் ஏ300-ல் கோ-அரவுண்ட் லீவர் தெரியாமல் தட்டப்பட்டது. விமானி மூக்கைக் கீழே தள்ள, ஆட்டோபைலட் பின்னால் வால் சிறகைத் திருப்பி மூக்கை மேலே தூக்க, கடைசியில் விமானம் செங்குத்தாக எழுந்து விழுந்தது. 264 பேர் இறந்தார்கள், 7 பேர் பிழைத்தார்கள்.

படி 8: ஆயிரம் அடியில் ஒரு கேட்

மேகத்துக்குள் இருந்தால் 1,000 அடி, கண்ணுக்குத் தெரிந்தால் 500 அடி என்பது பரவலான அளவுகோல். பல கம்பெனிகள் எப்போதுமே 1,000 என்கின்றன. அந்த இடத்தில் வேகம், பாதை, ஃபிளாப், சக்கரம், என்ஜின் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இறக்கம் நிமிஷத்துக்கு 1,000 அடிக்கு மேல் போகக்கூடாது. முடியவில்லை என்றால் கோ-அரவுண்ட். இதில் விளக்க ஒன்றுமில்லை.

படி 9: கையைத் துருப்பிடிக்க விடாதீர்கள்

அமெரிக்க எஃப்.ஏ.ஏ. 2013 ஜனவரியில் ஏர்லைன்களுக்கு விடுத்த அறிவுரை, பொருத்தமான நேரங்களில் விமானிகள் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கச் சொன்னது. பொருத்தமான நேரம் எது? பகல், நல்ல வானிலை, தெரிந்த ஊர், கூட்டமில்லாத வானம், இரண்டு பேரும் தூங்கி எழுந்தவர்கள். அப்படிப்பட்ட நாளில் 10,000 அடிக்குக் கீழே ஆட்டோபைலட்டை எடுங்கள். கம்பெனி அனுமதித்தால் ஆட்டோ திராட்டிலையும் எடுங்கள். முன்கூட்டியே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அவருடைய வேலை அன்று இரட்டிப்பாகும்.

கை மட்டும் பழகினால் போதாது. கை சைக்கிள் மாதிரி, பெரும்பாலும் மறக்காது. முதலில் துருப்பிடிப்பது மனக்கணக்குதான். ஆட்டோபைலட் ஓட்டும்போதும் மனசால் நீங்கள் ஓட்டிக்கொண்டே இருக்கலாம்: இந்தத் திருப்பத்துக்கு எத்தனை டிகிரி சாய்வேன், இந்த இடத்தில் ஃபிளாப் கேட்பேனா, என்1 எவ்வளவு வைப்பேன். சொல்லிவிட்டுப் பாருங்கள், அது என்ன செய்கிறது என்று.

வேலை கிடைக்கும்வரை: கோப்பிக் கடைப் பயிற்சி

சிமுலேட்டர் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வெள்ளி என்று எல்லாருக்கும் தெரியும். இந்தப் பயிற்சிக்கு ஒரு டே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) விலைதான். ஓடுபாதைக்கு நேராக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் கடைக்கு 5 மைல். மைலுக்கு 300 அடி என்றால் 1,500. துல்லியமாகப் போட்டால் 1,600-க்கு மேல். விமானம் வரும்போது உயரம், வேகம், இறங்கும் வீதம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் செயலியைத் திறங்கள். ஒரு எச்சரிக்கை: செயலி காட்டும் உயரம் 1013 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்தது. அன்றைய அழுத்தம் 1010 என்றால் ஏறக்குறைய 90 அடி அதிகமாகக் காட்டும். அதையும் கழித்துவிட்டே ஒப்பிடுங்கள். என் மருமகன் முதல் வாரம் இதைத் தெரியாமல் தன் சரியான விடைகளை எல்லாம் அடித்துத் திருத்தி வைத்திருந்தான்.

நேற்று சாயங்காலம் 11 விமானம் பார்த்தான். 7 சரி, 4 தப்பு. நான்கும் ஆறு மணிக்கு மேல் மழை மூட்டத்தில் வந்தவை. விளக்கு மட்டும் தெரிந்தபோது, இருப்பதைவிட உயரமாக எழுதியிருந்தான். இந்த வாரம் முழுக்க இருட்டிய பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.